மணி அடிக்காத பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடம் என்றவுடன் நம் நினைவில் முதலில் எழுவது மணியோசை. நாற்பத்தைந்து நிமிடத்திற்கு ஒரு மணி. கணக்கு முடிந்தால் வரலாறு. வரலாறு முடிந்தால் அறிவியல். பிள்ளையின் மனம் ஒரு பொருளில் ஆழ்ந்து இறங்கத் தொடங்கும் வேளை பார்த்து மணி அடித்துவிடும். அந்த மணியே வேண்டாம் என்று ஒரு பள்ளி முடிவு செய்தது. வகுப்பறைகளும் வேண்டாம், பாடவேளைகளும் வேண்டாம், தலைமையாசிரியர் என்றொரு பதவியும் வேண்டாம் என்றது. செல்வச் சீமான்கள் தம் பிள்ளைகளுக்கென நடத்தும் விந்தைப் பள்ளி போலும் என்று எண்ணிவிட வேண்டாம். அரசாங்கப் பணத்தில், கட்டணம் ஏதுமின்றி, ஒரு சிற்றூரில் தொடங்கப்பட்ட பொதுப்பள்ளி அது. அதன் வரலாற்றையே இம்மாதம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அமெரிக்காவின் வடகோடியில், கனடா நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாநிலம் மின்னசோட்டா. அதன் பெருநகரமான மின்னியாபொலிசிலிருந்து தென்மேற்கே சுமார் 80 கிலோமீட்டர் சென்றால், மின்னசோட்டா ஆற்றங்கரையில் லெ சூர், ஹெண்டர்சன் என்ற இரண்டு ஊர்கள் வரும். மக்காச்சோளமும் சோயா அவரையும் விளையும் பூமி அது. வளைகுடா நாடுகளில் பணியாற்றித் திரும்பிய நம்மவர்கள், பச்சை நிற அரக்கன் படம் ஒட்டிய பட்டாணி டின்களைக் கடைகளில் கண்டிருப்பார்கள். அந்த 'கிரீன் ஜயன்ட்' நிறுவனம் பிறந்தது இந்த லெ சூரில்தான். ஹெண்டர்சனோ இன்னும் சிறியது. அதன் மக்கள்தொகை ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. இரண்டு ஊர்களுக்கும் சேர்த்து ஒரே கல்வி நிர்வாகம். உயர்நிலைப்பள்ளி இருந்ததோ லெ சூரில். பள்ளியை இழந்த சிற்றூரின் நிலைமை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதன்று. பிள்ளைகள் பேருந்தேறிப் போய்விட்டால், பகல் முழுவதும் கடைத்தெரு வெறிச்சோடிக் கிடக்கும்.

இத்தகைய இடத்தில் ஒரு புதுமைப் பள்ளி எவ்வாறு முளைத்தது என்பதைப் புரிந்துகொள்ள, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் அம்மாநிலத்தில் எழுந்த ஒரு சிந்தனையை அறிந்துகொள்ள வேண்டும்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த ரே பட் என்பவர், ஆசிரியர்கள் கூடி ஒரு கல்வித் திட்டத்தை வகுத்து, அதனை நடத்திக்காட்டும் பொறுப்பையும் எழுத்து மூலம் ஏற்றுக்கொள்வதற்குச் 'சார்ட்டர்' என்று பெயரிட்டிருந்தார். சார்ட்டர் என்றால் சாசனம். 1988ஆம் ஆண்டில் அமெரிக்க ஆசிரியர் சம்மேளனத்தின் தலைவராக இருந்த ஆல்பர்ட் ஷாங்கர், அந்தக் கருத்தைக் கையிலெடுத்துத் தலைநகர் வாஷிங்டனில் முழங்கினார். அதே ஆண்டில் மின்னசோட்டாவில் நடைபெற்ற கருத்தரங்கு ஒன்றிலும் அவர் பேசினார். கேட்டிருந்தவர்களுள் எம்பர் ரைக்காட் என்ற பெண் செனட்டரும் ஒருவர். அவருடைய விடாமுயற்சியால் 1991இல் மின்னசோட்டா சட்டமன்றம், அமெரிக்காவிலேயே முதன்முதலாக, சாசனப் பள்ளிகளுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. அதுவும் மயிரிழையில் நிறைவேறியது எனலாம். ஒரு தொழிற்சங்கத் தலைவர் பேசிப் பரப்பிய கருத்தை, ஆசிரியர் சங்கங்களே முன்னின்று எதிர்த்தன என்பது வரலாற்றின் வேடிக்கை. பொதுக்கல்வி சிதறுண்டு போகும், ஆசிரியர்களின் பணிப்பாதுகாப்பு பறிபோகும் என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சத்தை வீண் அச்சம் என்று ஒதுக்கிவிட நான் துணியமாட்டேன். ஷாங்கரே சில ஆண்டுகளில் இந்த இயக்கம் போகும் திசை கண்டு மனம் கசந்து, கண்டித்து எழுதலானார். எதிர்ப்பின் காரணமாக, மாநிலம் முழுவதற்கும் எட்டே பள்ளிகள்தாம் என்ற வரம்புடன் சட்டம் பிறந்தது. அந்த வரம்பு படிப்படியாகத் தளர்ந்து 1997இல் நீங்கியது.

சாசனப் பள்ளி என்பது என்ன? நம்மவர்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய ஓர் ஒப்புமை உண்டு. வக்ஃபு செய்பவர் தம் பத்திரத்தில், இந்தச் சொத்தின் வருமானம் இன்ன காரியத்திற்கே ஆகவேண்டும் என்று எழுதிவைக்கிறார். முத்தவல்லி அதற்குக் கட்டுப்பட்டவர். பணம் அவருடையதன்று, பொறுப்பு மட்டுமே அவருடையது. சாசனப் பள்ளியிலும் அவ்வாறே. ஒரு குழுவினர், இன்னின்ன வகையில் பிள்ளைகளுக்குக் கல்வி அளிப்போம், இன்னின்ன பலன்களைக் காட்டுவோம் என்று எழுதித் தருகின்றனர். அனுமதி வழங்கும் அமைப்பு அதனை ஏற்று ஒப்பந்தம் செய்கிறது. சேரும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அரசு ஒதுக்கும் பணம் பள்ளிக்கு வந்துசேரும். கட்டணம் வாங்கக்கூடாது, தேர்வு வைத்துப் பொறுக்கியெடுக்கக்கூடாது, இடத்திற்கு மிஞ்சி விண்ணப்பங்கள் வந்தால் குலுக்கல்தான். வழக்கமான பள்ளிகளைப் பிணைக்கும் விதிகள் பலவற்றிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் வக்ஃபு என்றென்றைக்குமானது. இந்தச் சாசனமோ முதற்சட்டத்தின்படி அதிகபட்சம் மூன்றே ஆண்டுகளுக்கானது. சொன்னதைச் செய்யாவிட்டால் பள்ளியை மூடிவிடலாம்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. பொதுப்பணத்தில் நடப்பதால் எந்தச் சமயத்தையும் அங்கே போதிக்கலாகாது. இது வெறும் ஏட்டு விதியன்று. அதே மின்னசோட்டாவில், ஸ்பெயின் மண்ணில் கால்பதித்த தளபதி தாரிக் இப்னு ஸியாதின் பெயர் தாங்கிய சாசனப் பள்ளி ஒன்று 2003இல் தொடங்கப்பட்டது. அதில் பயின்றவர்களுள் சோமாலியக் குடும்பத்துப் பிள்ளைகள் மிகப் பலர். சமயச்சார்பு காட்டுவதாக அதன்மீது 2009இல் குடியுரிமை அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. பள்ளி அதனை மறுத்தது. அதே ஆண்டில், வெளிமாநில அமைப்புகள் மின்னசோட்டாப் பள்ளிகளுக்கு அனுமதியளிக்கும் அமைப்புகளாக இருக்கலாகாது என்று சட்டம் மாற்றப்பட்டது. அந்தப் பள்ளியை ஆதரித்து நின்ற நிறுவனம் வெளிமாநிலத்தைச் சேர்ந்தது. 2011இல் பள்ளி மூடப்பட்டது. சாசனம் தரும் கை, சாசனத்தைத் திரும்பப் பெறவும் வல்லது என்பதற்கு இது ஒரு சான்று.

சட்டத்தின்கீழ் முதலில் கதவு திறந்தது, மாநிலத் தலைநகர் செயின்ட் பாலில், 1992 செப்டம்பரில் தொடங்கிய 'சிட்டி அகாடமி'. மைலோ கட்டர், டெரி கிராபெல் என்ற இருவர் தொடங்கிய அப்பள்ளி, படிப்பை இடையில் விட்டுவிட்டுத் தெருவில் நின்ற இளைஞர்களை அழைத்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டு மே மாதம் அதிபர் கிளிண்டன் அங்கு நேரில் சென்றார். அதன் கதை தனியே எழுதத்தக்கது. நாம் ஹெண்டர்சனுக்குத் திரும்புவோம்.

லெ சூர் வட்டாரத்தில் ஆசிரியர்களும் பெற்றோரும் சிலர் கூடிப் பேசிவந்தனர். அவர்களை வாட்டிய கேள்வி ஒன்றே. பள்ளிக்கு ஒழுங்காக வருகின்ற, தேர்விலும் தேறுகின்ற பிள்ளைகளின் கண்களில்கூட ஏன் இத்தனை சலிப்பு? டக் தாமஸ், ரான் நியூவெல் முதலியோர் அக்குழுவில் முன்னின்றவர்கள். உள்ளூர்க் கல்வி வாரியத்தின் சாசனம் பெற்று, 1994ஆம் ஆண்டில் 'மின்னசோட்டா நியூ கன்ட்ரி ஸ்கூல்' என்ற பெயரில் பள்ளி பிறந்தது. கட்டடம் கட்ட அரசு பணம் தராது. ஆகவே லெ சூர் கடைத்தெருவில் வாடகைக்குப் பிடித்த கடை இடங்களில் பள்ளி நடந்தது. 1998இல்தான் ஹெண்டர்சனில் புதுக் கட்டடம் எழுந்தது. அவ்வகையில் அந்தச் சிற்றூருக்கும் ஓர் உயர்நிலைப்பள்ளி கிட்டியது. அப்போது ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, மொத்த மாணவர்கள் நூற்றுச் சொச்சம் பேர் இருந்தனர். அந்த எண்ணிக்கையைப் பெருக்க அவர்கள் அவாவுறவில்லை.

அவர்கள் செய்த காரியங்களுள் எனக்குப் பெரிதாகப் படுவது ஆசிரியர்களைப் பற்றியது. பால் கூட்டுறவுச் சங்கம், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். மின்னசோட்டாவும் கூட்டுறவுக்குப் பேர்போன மாநிலம். அங்கு உழவர்கள் தானியக் கிடங்குகளையும் வெண்ணெய் ஆலைகளையும் கூட்டுறவாகவே நடத்திப் பழகியவர்கள். அந்த அனுபவத்தை ஆசிரியர்கள் பள்ளிக்குக் கொண்டுவந்தனர். 'எட்விஷன்ஸ்' என்ற பெயரில் ஆசிரியர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை 1994இல் நிறுவினர். பள்ளியின் ஆட்சிக்குழு அந்தச் சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்கிறது. கற்பிக்கும் பொறுப்பு முழுவதும் சங்கத்தினுடையது. வரவு செலவுத் திட்டம் போடுவதும், யாருக்கு எவ்வளவு ஊதியம் என்று முடிவு செய்வதும், புதியவரைச் சேர்ப்பதும், சரியாகப் பணியாற்றாதவரை அடுத்த ஆண்டுக்கு வேண்டாமென்று சொல்வதும் அந்த ஆசிரியர்களே.

தலைமையாசிரியர் இல்லை என்றால் கட்டுப்பாடு குலையாதா என்று நமக்குத் தோன்றும். நடந்ததோ வேறு. தலைமையாசிரியர் மேல் பழிபோட முடியாத இடத்தில் ஒவ்வொருவரும் தலைமையாசிரியர் ஆகிவிடுகிறார். எந்தப் பிரச்சினையானாலும் மஷூரா செய்து தீர்த்தாக வேண்டும். தோட்டத்துக்குழாய் உடைந்தாலும் தங்கள் பணம், தாள் வீணானாலும் தங்கள் பணம். ஆசிரியரின் பணியைப் பற்றி உடன் பணியாற்றுவோர் மட்டுமன்றி, மாணவர்களும் பெற்றோரும்கூட மதிப்பீடு எழுதித் தருவர். நிரந்தரப் பணி என்ற பாதுகாப்பு கிடையாது. அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்து இந்த உரிமையைப் பெற்றுக்கொண்ட ஆசிரியர்களின் துணிவை நான் வியக்கிறேன்; எல்லா ஆசிரியரும் அவ்வாறு செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. சாசனப் பள்ளியின் ஆட்சிக்குழுவில் ஆசிரியர்களே பெரும்பான்மையாக இருக்கவேண்டும் என்று 1991ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. 2009இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது.

உள்ளே நுழைந்தால் பள்ளி போலவே இராது. ஏதோ ஓர் அலுவலகம் போல் தோன்றும். பெரிய திறந்த கூடம். ஒவ்வொரு மாணவருக்கும் தனி மேசை, அதன்மேல் கணினி. நம் நாட்டில் கணினியைக் கண்ணாடிக்கு அப்பால் வைத்துப் பார்த்த 1990களில் இது எவ்வளவு பெரிய செய்தி! ஏறத்தாழ இருபது மாணவர்களுக்கு ஓர் ஆலோசக ஆசிரியர். அந்தப் பிள்ளைகளின் வீடு, உடல்நலம், விருப்பு வெறுப்பு அனைத்தும் அவருக்குத் தெரியும். ஒரு பிள்ளை ஆண்டுதோறும் வெவ்வேறு ஆசிரியர்களிடம் கைமாறிக்கொண்டிருப்பதில்லை.

படிப்பு செயல்திட்டங்களால் நடக்கிறது. மாணவர் தாமே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கிறார். அதைப்பற்றி எனக்கு என்ன தெரியவேண்டும், எந்த நூல்களைப் படிப்பேன், யாரை நேரில் கண்டு கேட்பேன், முடிவில் எதனைச் செய்துகாட்டுவேன், மாநில அரசு விதித்துள்ள பாடநோக்கங்களுள் எவை இதனால் நிறைவேறும் என்றெல்லாம் எழுதிக் கொடுக்கவேண்டும். பெற்றோரும் அதில் கையொப்பமிட வேண்டும். ஆசிரியர்கள் குறுக்குக் கேள்விகள் கேட்டுத் திருத்தி அனுமதிப்பர். செலவிட்ட நேரத்தை நாள்தோறும் குறித்துவர வேண்டும். ஏறத்தாழ நூறு மணி நேர உழைப்புக்கு ஒரு கிரெடிட். ஆண்டுக்குப் பத்து வேண்டும். வேண்டியதைச் செய்துகொள் என்று விட்டுவிடும் பள்ளி இது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும். ஆசிரியர் சொன்னதை எழுதிக்கொண்டு போவதைவிட இது கடினமானது.

இவ்வகைப் படிப்பினால் என்ன விளைந்தது? பள்ளி தொடங்கி ஓராண்டு முடியும் தறுவாயில் நடந்த நிகழ்ச்சியைக் கூறுகிறேன். 1995 ஆகஸ்ட் மாதம், ஓர் ஆசிரியை தம் மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு ஹெண்டர்சனுக்கு அருகிலிருந்த ஒரு பண்ணைக் குளத்திற்கு இயற்கையைக் காணச் சென்றார். வழியில் புல்வெளியில் தவளைகள் துள்ளின. பிள்ளைகள் அல்லவா, பிடித்துப் பார்த்தார்கள். முதலில் பிடித்த தவளையின் பின்னங்கால் கோணலாக இருந்தது. தாங்கள்தாம் பிடிக்கும்போது முறித்துவிட்டோமோ என்று பயந்து அடுத்ததைப் பிடித்தனர். அதற்கும் கால் சரியில்லை. ஒன்றுக்குக் காலே இல்லை. வேறொன்றுக்குத் தோலால் ஒட்டிப்போயிருந்தது. அன்று பிடித்தவற்றில் ஏறத்தாழப் பாதி ஊனமுற்றவையாக இருந்தன.

வழக்கமான பள்ளியாக இருந்தால், அச்சமும் வியப்புமாகப் பேசிக்கொண்டே பேருந்தேறி, மறுநாள் புவியியல் பாடத்திற்குத் திரும்பியிருப்பார்கள். இங்கே மணி இல்லை. தவளைக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வியே பாடமாயிற்று. மாநிலத்தின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தெரிவித்தனர். அறிவியலாளர்கள் வந்தனர். மாணவர்கள் மீண்டும் மீண்டும் குளத்திற்குச் சென்று தவளைகளை எண்ணினர், அளந்தனர், குறிப்பேட்டில் பதிந்தனர். இணையம் என்ற சொல்லே புதிதாயிருந்த காலத்தில், தவளைகளுக்கென ஓர் இணையப் பக்கம் அமைத்து, உங்கள் ஊரிலும் இப்படிக் கண்டால் தெரிவியுங்கள் என்று உலகைக் கேட்டனர். மறு ஆண்டு மின்னசோட்டாவின் பல மாவட்டங்களிலிருந்து தகவல்கள் வந்து குவிந்தன. பிற மாநிலங்களும் கனடாவும் விழித்துக்கொண்டன. நாட்டின் முன்னணி ஏடுகளும் தொலைக்காட்சியும் அந்தக் குளத்தைத் தேடி வந்தன. ஊனமுற்ற தவளைகளைப் பற்றிய தகவல்களைச் சேகரிப்பதற்கென்றே 1997இல் வட அமெரிக்காவுக்கான ஒரு மையம் அமைந்தது.

காரணம் என்ன? அதுதான் எளிதில் அகப்படவில்லை. பூச்சிக்கொல்லி என்றனர் சிலர். ஓசோன் படலம் மெலிந்து புறஊதாக் கதிர் கூடியதால் என்றனர் வேறு சிலர். 1999இல் பீட்டர் ஜான்சன் என்ற இளம் ஆய்வாளர், கலிபோர்னியக் குளத்துத் தவளைகளை ஆராய்ந்து, ரிபெய்ரோயா என்னும் ஒட்டுண்ணிப் புழு தலைப்பிரட்டையின் கால் முளைக்கும் இடத்தைத் துளைத்துப் புகுவதால் கால்கள் கோணிப்போகின்றன என்று நிறுவினார். அப்புழு முதலில் வளர்வது குளத்து நத்தைகளில். வயல்களில் இடும் உரம் மழைநீரோடு குளத்தில் இறங்கினால் பாசி பெருகும்; பாசி பெருகினால் நத்தை பெருகும்; நத்தை பெருகினால் புழு பெருகும். 2007இல் அவரும் உடனாய்வாளர்களும் இந்தச் சங்கிலியைச் சோதனையில் காட்டினர். பூச்சிக்கொல்லி தவளையின் நோய் எதிர்ப்பைக் குறைத்துப் புழுவுக்கு வழி திறக்கிறது என்று மற்றோர் ஆய்வு கூறியது. கால் கோணலாவதற்குப் புழு காரணமானாலும், கால் அறவே இல்லாமற்போவதற்கு வேறு காரணங்கள் உண்டு என்பாரும் உளர். எல்லாக் குளங்களுக்கும் பொருந்தும் ஒற்றை விடை கிட்டவில்லை. பாடநூலின் கடைசிப் பக்கத்தில் விடை அச்சிட்டிராத கணக்கை, பதின்மூன்று பதினான்கு வயதில் கையாள அந்தப் பிள்ளைகளுக்கு வாய்த்தது.

இவ்வளவு சொன்னபின் குறைகளையும் சொல்லவேண்டும். தவளையின் பின்னால் போனால் உயிரியல் வரும், வேதியியல் வரும், எழுத்தும் பேச்சும் வரும். இயற்கணிதம் தானாக வந்துவிடாது. படிப்படியாக ஏறவேண்டிய கணக்குப் பாடத்திற்குச் செயல்திட்டம் மட்டும் போதாது. அதற்கெனத் தனி நேரமும் பயிற்சியும் வேண்டியிருக்கிறது. இத்தகைய பள்ளிகளும் அவ்வாறு நேரம் ஒதுக்கவே செய்கின்றன. தானே ஒன்றைத் தொடங்கும் மனமில்லாத பிள்ளை, இங்கே பல மாதங்களைப் போக்கிவிடவும் கூடும். 2002 தொடக்கத்தில் 'ஒரு பிள்ளையும் பின்தங்கலாகாது' என்ற பெயரில் அமெரிக்க நடுவணரசின் சட்டம் வந்தபின், எல்லாப் பள்ளிகளும் ஒரே தேர்வெனும் தராசில் நிறுக்கப்பட்டன. வேறு பள்ளிகளில் மனமொடிந்து வந்த பிள்ளைகளையும், தனிக்கவனம் தேவைப்படும் பிள்ளைகளையும் நிறையச் சேர்த்துக்கொள்ளும் சிறு பள்ளிக்கு அந்தத் தராசு கடுமையானது. நூறு பேர் படிக்கும் இடத்தில் நாலு பிள்ளைகள் தவறினாலே பள்ளி முழுவதும் சரிந்ததுபோல் தோன்றும்.

சாசனப் பள்ளிகள் அனைத்தும் இதைப் போன்றவை என்று எவரும் எண்ணிவிடலாகாது. எட்டில் தொடங்கியவை நாடெங்கும் ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டன. பெருநிறுவனங்கள் சங்கிலிக் கடைகளைப்போல் நடத்துபவையும் அவற்றுள் உண்டு. கணக்குக் காட்டாமல் இழுத்து மூடியவையும் உண்டு. 2009இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெடோ மையம் பதினைந்து மாநிலங்களிலும் தலைநகரிலும் ஆராய்ந்தபோது, சுமார் 17 சதவிகிதச் சாசனப் பள்ளிகளே கணக்கில் அண்டைப் பள்ளிகளைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தன. 37 சதவிகிதம் பின்தங்கியே இருந்தன. பின்னர் வந்த ஆய்வுகளில் நிலைமை தேறியிருக்கிறது. என்றாலும், சாசனம் என்ற காகிதம் மட்டும் பிள்ளைக்குக் கல்வி புகட்டிவிடாது என்பது தெளிவு.

ஹெண்டர்சன் பள்ளியின் புகழ் பரவிற்று. 2000ஆம் ஆண்டில் பில் கேட்ஸின் அறக்கட்டளை, இதைப்போன்ற சிறு பள்ளிகளைப் பல இடங்களிலும் தொடங்க எட்விஷன்ஸ் அமைப்புக்கு நாற்பது இலட்சம் டாலருக்கு மேல் வழங்கியது. 2006இல் அமெரிக்கக் கல்வித்துறை, பிறர் கண்டு கற்கத்தக்கவை என எட்டு சாசன உயர்நிலைப்பள்ளிகளைத் தெரிவு செய்து நூல் வெளியிட்டபோது, பாஸ்டன், சான்பிரான்சிஸ்கோ போன்ற மாநகரப் பள்ளிகளுக்கு நடுவே இந்தச் சிற்றூர்ப் பள்ளியும் இடம்பெற்றது.

மதிப்பெண் தராசில் மட்டும் நிற்க விரும்பாத அந்த ஆசிரியர்கள், வேறொன்றையும் அளந்து பார்த்தார்கள். கான்சாஸ் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஸ்னைடர் என்பவர் நம்பிக்கையை அளப்பதற்கு ஒரு வினாத்தாள் வகுத்திருந்தார். நம்பிக்கை என்றால் எல்லாம் நல்லபடி நடக்கும் என்று கைகட்டியிருப்பதன்று. ஓர் இலக்கை அடையப் பல வழிகளைக் காணும் திறனும், அவ்வழியில் என்னால் நடக்க முடியும் என்ற உறுதியும் சேர்ந்ததே அவர் கணக்கில் நம்பிக்கை. ரான் நியூவெலும் உடனிருந்தோரும் எட்விஷன்ஸ் பள்ளிகளின் மாணவர்களிடம் அவ்வினாக்களை ஆண்டுகள் இடைவெளியில் கேட்டு, பள்ளியில் தங்கத் தங்க நம்பிக்கை வளர்வதாக எழுதினார்கள். தம் பள்ளியைத் தாமே அளந்த அளவு என்று குறைசொல்ல இடமுண்டு. ஆனாலும் தாய்மார்களே, நம் பிள்ளை மாத அறிக்கையைக் கொண்டுவரும்போது அறுபதா எழுபதா என்று பார்க்கிறோம். இந்தப் பள்ளியில் சேர்ந்தபின் என் மகளுடைய நம்பிக்கை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று எந்தப் பள்ளியையாவது நாம் கேட்டிருக்கிறோமா?

அப்பள்ளியின் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் சுமார் 300 மணி நேரம் உழைத்து ஒரு பெருந்திட்டத்தை முடிக்கவேண்டும். அதைத் தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டால் போதாது. மாலை வேளையில் பள்ளியின் கூடத்தில் பெற்றோரும், ஆசிரியர்களும், இளைய மாணவர்களும், ஊர்மக்களும் அமர்ந்திருக்க, அவர்கள்முன் நின்று விளக்கவேண்டும். எவர் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பதில் சொல்லவேண்டியது மாணவர்தான். கீழ்வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து, இன்னும் சில ஆண்டுகளில் நாம் எதைப்பற்றிப் பேசப்போகிறோம் என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.